புதிய வலைத்தளம் கூகுளில் ஏன் தெரிவதில்லை?

டொமைன் வாங்கியாயிற்று, ஹோஸ்டிங்குக்குப் பணம் கட்டியாயிற்று, பத்துப் பதினைந்து பக்கங்களும் ஏற்றியாயிற்று. முகவரியை முழுதாக அடித்தால் தளம் திறக்கிறது. ஆனால் கூகுளில் கடையின் பெயரைப் போட்டுத் தேடினால் யாருடைய ஃபேஸ்புக் பக்கமோ வருகிறது, நம் தளம் வருவதில்லை. அடுத்த வாரமும் வருவதில்லை. இந்த இடத்தில்தான் பலர் பதறிப்போய், "முப்பதே நாளில் முதல் பக்கம்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

கொடுக்க வேண்டாம். பணம் வாங்கிக்கொண்டு ஒரு தளத்தை அடிக்கடி வந்து படிப்பதும் இல்லை, முடிவுகளில் மேலே ஏற்றுவதும் இல்லை என்று கூகுள் தன் உதவிப் பக்கங்களிலேயே எழுதி வைத்திருக்கிறது. விளம்பரத்துக்கான இடம் தனி, அதற்குக் காசு உண்டு. மற்ற முடிவுகளில் இன்ன இடம் வாங்கித் தருகிறேன் என்று உறுதி சொல்ல வெளியாள் எவருக்கும் வழியில்லை.

"கூகுளில் வரவில்லை" என்று நாம் ஒரே வாக்கியமாகச் சொல்வதற்குள் நான்கு வெவ்வேறு நிலைமைகள் இருக்கின்றன. அப்படி ஒரு தளம் இருப்பதே கூகுளுக்குத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும், வந்து படிக்க முடியாமல் இருக்கலாம். படித்துவிட்டு, வைத்துக்கொள்ள வேண்டாம் என்று விட்டிருக்கலாம். வைத்துக்கொண்டும் எட்டாம் பக்கத்தில் போட்டிருக்கலாம். தேடல் முடிவுகளில் மேலே வரவைக்கும் வேலை என்று எஸ்.இ.ஓ. என்ற பெயரில் விற்கப்படுவதெல்லாம் பெரும்பாலும் நான்காவது நிலைமைக்கான வேலை. புதிய தளங்கள், அதிலும் தமிழ்த் தளங்கள், மாட்டிக்கொள்வது முதல் மூன்றில்.

எதில் மாட்டியிருக்கிறோம் என்று பார்ப்பது எளிது. தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் டொமைனை அடித்தால், கூகுளிடம் இருக்கும் உங்கள் பக்கங்கள் ஏறக்குறைய வந்துவிடும். ஒன்றுகூட வரவில்லை என்றால், தரவரிசை பற்றிக் கவலைப்படும் கட்டத்துக்கே நீங்கள் வரவில்லை என்று அர்த்தம். இன்னும் துல்லியமாகத் தெரிய, கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து, உரிமையாளர் நீங்கள்தான் என்று நிரூபித்துவிட்டு, ஒவ்வொரு பக்க முகவரியாகக் கொடுத்துக் கேட்கலாம். கண்டுபிடித்தோமா, படித்தோமா, சேர்த்தோமா, இல்லையென்றால் ஏன் என்று அதுவே சொல்லும். இந்தக் கருவியைத் திறந்து பார்க்காமலே மாதக்கணக்கில் தவிப்பவர்கள் நிறையப் பேர்.

தேடுபொறி இயங்கும் விதத்தைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நாம் தேடும் அந்த நொடியில் கூகுள் இணையத்தைப் போய்த் துழாவுவதில்லை. முன்கூட்டியே பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஆய்வு நூலின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் போல ஒரு மாபெரும் அடைவைத் தன்னிடம் எழுதி வைத்திருக்கிறது. தேடல் நடப்பது அந்த அடைவுக்குள். அதைத்தான் இண்டெக்ஸ் என்கிறார்கள். அதில் ஏறாத பக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தேடுகிறவருக்கு இல்லாத பக்கம்தான்.

ஆரம்ப காலத்தில் இந்த வேலையை மனிதர்கள் செய்தார்கள். 1994இல் தொடங்கிய யாகூவின் தளப்பட்டியலில் ஆட்கள் தளங்களைப் பார்த்துப் பிரித்துச் சேர்த்தார்கள். 1998இல் தொடங்கிய டிமாஸ் பட்டியலைத் தன்னார்வலர்கள் நடத்தினார்கள். அங்கே விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். யாகூவின் பட்டியல் 2014 முடிவிலும் டிமாஸ் 2017இலும் மூடப்பட்டன. இதற்கிடையே 1998இல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் கூகுளைத் தொடங்கினார்கள். அவர்கள் நம்பியது விண்ணப்பங்களை அல்ல, இணைப்புகளை. ஒரு பக்கத்தில் இருக்கும் இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கம், அங்கிருந்து இன்னொன்று என்று ஒரு நிரல் ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும். அதன் பெயர் கூகுள்பாட். யார் யாருக்கு இணைப்புக் கொடுக்கிறார்கள் என்பதை வைத்தே பக்கத்தின் மதிப்பையும் கணக்கிட்டார்கள்.

தமிழில் வலைப்பதிவு எழுதியவர்கள் இதை அனுபவத்தில் அறிந்தவர்கள். வலைப்பதிவுகளை ஓரிடத்தில் தொகுத்துக் காட்டும் தமிழ்மணம் திரட்டி 2004இல் வந்தபோது, ஒரு புதுப் பதிவு அதில் சேர்ந்ததுமே வாசகர்கள் வந்தார்கள். திரட்டியின் முகப்பை அடிக்கடி வந்து படிக்கும் தேடுபொறிக்கும் அந்தப் புது முகவரி தானாகவே கிடைத்தது. பதிவர்கள் ஒருவருக்கொருவர் பக்கவாட்டில் கொடுத்துக்கொண்ட இணைப்புப் பட்டியல்களும் அதே வேலையைச் செய்தன. திரட்டிகளின் காலம் போய், எழுத்து ஃபேஸ்புக்குக்கும் வாட்ஸ்அப்புக்கும் நகர்ந்தபோது நமக்கு ஏற்பட்ட பெரிய இழப்பு இது. வாட்ஸ்அப் குழுவில் ஆயிரம் பேர் பகிர்ந்த இணைப்பை எந்தத் தேடுபொறியும் பார்ப்பதில்லை. புதிதாக ஒருவர் தமிழில் தளம் தொடங்கினால் அவருக்கு வழிகாட்டும் தமிழ் இணைப்புகள் முன்பைவிடக் குறைவு.

இணையத்தில் ஒரு லட்சம் கோடி தனித்தனி முகவரிகளைக் கண்டுவிட்டதாகக் கூகுள் 2008இலேயே சொன்னது. இத்தனைக்கு நடுவில், எங்கிருந்தும் இணைப்பில்லாத ஒரு முகவரியை அது தானாகக் கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. யார் வேண்டுமானாலும் முகவரியைப் போட்டு அனுப்பலாம் என்று முன்பு ஒரு படிவம் திறந்திருந்தது, 2018இல் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது இருக்கும் வழி சர்ச் கன்சோல்தான். அதில் இரண்டு காரியம் செய்யலாம். முகப்புப் பக்கத்தையும் முக்கியமான சில பக்கங்களையும் தனித்தனியே கொடுத்து, இண்டெக்ஸ் செய்யும்படி கேட்கலாம். ஒரு பக்கத்துக்கு ஒருமுறை கேட்டால் போதும், திரும்பத் திரும்ப அழுத்துவதால் வேகம் கூடாது. இரண்டாவது, சைட்மேப்.

சைட்மேப் என்பது தளத்தில் உள்ள பக்க முகவரிகளின் பட்டியல், அவ்வளவுதான். 2005இல் கூகுள் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டே யாகூவும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்துகொண்டன. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை போடலாம். தளம் கட்டப் பலர் பயன்படுத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் 2020இல் வந்த 5.5ஆம் பதிப்பிலிருந்து இதைத் தானே உருவாக்கிவிடுகிறது, பிளகின் என்ற தனி இணைப்பு நிரல் வேண்டியதில்லை. அதில் 'முன்னுரிமை', 'எவ்வளவு அடிக்கடி மாறும்' என்ற இரண்டு குறிப்புகளை எழுதி நேரம் செலவழிக்க வேண்டாம், கூகுள் அவற்றைப் பார்ப்பதில்லை. கடைசியாகத் திருத்திய தேதியைப் பார்க்கும், அதுவும் அந்தத் தேதி உண்மையாக இருந்து வந்தால்தான். சைட்மேப் கொடுத்துவிட்டால் எல்லாப் பக்கமும் ஏறிவிடும் என்பதும் இல்லை. எங்கே இருக்கிறது என்று அது தெரிவிக்கிறது, எடுத்துக்கொள்வது கூகுளின் முடிவு.

மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கை விட்டுவிடாதீர்கள். டக்டக்கோ, யாகூ ஆகிய தேடுபொறிகளின் முடிவுகளில் பெரும்பகுதி பிங்கிலிருந்து வருகிறது. பிங்கின் வெப்மாஸ்டர் கருவியில் சர்ச் கன்சோல் விவரங்களை அப்படியே இறக்கிக்கொள்ளலாம், சில நிமிட வேலை. 2021இல் பிங்கும் ரஷ்யாவின் யாண்டெக்ஸும் தொடங்கிய இண்டெக்ஸ்நவ் என்ற முறையில், பக்கம் மாறிய உடனே நாமே அவர்களுக்குத் தகவல் அனுப்பலாம். கூகுள் அதில் சேரவில்லை.

இனி இரண்டாவது நிலைமை: கூகுள் வந்தும் படிக்க முடியாமல் போவது. இதில் மிக அதிகமாக நடப்பது ஒரு சின்ன டிக். வேர்ட்பிரஸ் அமைப்புகளில் 'ரீடிங்' என்ற பகுதியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்ல ஒரு பெட்டி இருக்கிறது. தளம் கட்டுகிற காலத்தில், அரைகுறையாக வெளியே தெரியக்கூடாது என்று வடிவமைப்பவர் அதை டிக் செய்து வைப்பார். அது நியாயமான பழக்கம். தளத்தை ஒப்படைக்கும்போது எடுக்க மறந்துவிடுவார். அதன்பின் எத்தனை கட்டுரை எழுதினாலும், எவ்வளவு பணம் செலவழித்தாலும் ஒன்றும் நடக்காது. தளம் கையில் வந்த அன்றே பார்க்க வேண்டிய முதல் இடம் அது.

அந்தப் பெட்டி செய்வது, அடைவில் சேர்க்காதே என்னும் நோஇண்டெக்ஸ் கட்டளையை ஒவ்வொரு பக்கத்திலும் எழுதுவது. இதையும் ரோபோட்ஸ் கோப்பையும் பலர் ஒன்றென்று நினைக்கிறார்கள். 1994இல் மார்ட்டின் கோஸ்டர் முன்வைத்த ரோபோட்ஸ் கோப்பு, எந்தப் பகுதிக்குள் வரலாம், எங்கே வரக்கூடாது என்று நிரல்களுக்குச் சொல்கிறது. 2022இல்தான் அது முறையான இணையத் தரமாயிற்று. அது வருகையைத் தடுக்கும், ஆனால் அடைவில் ஏறுவதைத் தடுக்காது. வேறெங்காவது உங்கள் பக்கத்துக்கு இணைப்பு இருந்தால், உள்ளடக்கம் தெரியாமலே வெறும் முகவரியைக் கூகுள் முடிவுகளில் காட்டக்கூடும். இன்னொரு சிக்கலும் உண்டு. ரோபோட்ஸ் கோப்பில் தடுத்துவிட்டு, பக்கத்துக்குள் நோஇண்டெக்ஸ் போட்டால், உள்ளே வந்து படித்தால்தானே அந்தக் கட்டளை தெரியும்? வேர்ட்பிரஸேகூட 2019 வரை அந்தப் பெட்டிக்கு ரோபோட்ஸ் தடையையும் சேர்த்தே பயன்படுத்தியது. 5.3ஆம் பதிப்பில் மாற்றிக்கொண்டது.

பாதுகாப்பு பிளகின்கள் கூகுள்பாட்டையே திருடன் என்று எண்ணித் தடுப்பதும் உண்டு. மலிவான ஹோஸ்டிங்கில் சர்வர் அடிக்கடி விழுந்தால் கூகுள் தன் வருகையைக் குறைத்துக்கொள்ளும். கணினித் திரையில் முழுதாகத் தெரிகிற பத்தியை ஃபோன் வடிவத்தில் நீக்கிவிட்டிருந்தால் கூகுளுக்கும் அது இல்லை. ஏனென்றால் அது இப்போது படிப்பது ஃபோன் வடிவத்தை. 2016இல் அறிவித்த இந்த மாற்றத்தை 2023இல் முடித்தார்கள்.

தமிழுக்கே உரிய தடைகளுக்கு வருகிறேன். இதைப் பற்றி எஸ்.இ.ஓ. வழிகாட்டிகளில் ஒரு வரியும் இருக்காது, ஆனால் நம்முடைய எழுத்தில் பெரும்பகுதி தேடலுக்கு வெளியே கிடப்பதற்கு இதுவே காரணம்.

பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கண்ணுக்குத் தமிழ் தெரியும். கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு மட்டுமே அதைத் தமிழாகக் காட்டுகிறது. தேடுபொறி எழுத்துருவைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் குறியீட்டை மட்டும் பார்க்கிறது. அதற்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். வானவில், ஸ்ரீலிபி என்று அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் புழங்கிய பலவற்றின் கதையும் இதுதான், ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டு முறை. 1990களின் கடைசியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து உருவாக்கிய திஸ்கி, 1999 சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் என்று தரப்படுத்தும் முயற்சிகளும் நடந்தன. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில், 1991இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே தமிழ் இருக்கிறது, ஆனால் கணினிகளில் ஒழுங்காகத் தெரியப் பல ஆண்டுகள் ஆயின. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல்.

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க முடியவில்லை. இன்றைக்கும் ஒரு சங்கமோ கோயிலோ சிற்றிதழோ தளம் தொடங்கும்போது, கையில் இருப்பது அச்சகத்தில் பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள். அவற்றை அப்படியே பி.டி.எஃப். ஆக்கி ஏற்றிவிடுகிறார்கள். படிக்கிறவருக்கு அழகாகத் தெரிகிறது, தேடுகிறவருக்குக் கிடைப்பதே இல்லை. யூனிகோடில் செய்த பி.டி.எஃப்.பிலும் எழுத்தைப் பிரித்தெடுக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறிச் சொற்கள் சிதைவது உண்டு. உங்கள் கோப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒரு மின்னஞ்சலில் ஒட்டிப் பாருங்கள். அங்கே சரியான தமிழாக வராவிட்டால் கூகுளுக்கும் அப்படித்தான். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றி, பிழை பார்த்து, வலைப்பக்கமாகவே போடுங்கள். பி.டி.எஃப். வேண்டுமானால் கூடவே இருக்கட்டும்.

படமாகப் போடுவது இன்னொன்று. விலைப்பட்டியல், கடை நேரம், நிகழ்ச்சி நிரல் எல்லாவற்றையும் வண்ணப் பின்னணியில் நோட்டீஸ் மாதிரி வடிவமைத்து ஒரே படமாக ஏற்றும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பி ஒரு பக்கத்தை விடக்கூடாது. படத்துக்குக் கீழே அதே விவரத்தை எழுத்தாக எழுதுவது பத்து நிமிட வேலை.

முகவரியிலும் தமிழ் படுத்தும் பாடு உண்டு. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட், இணைய முகவரியில் அது 9 எழுத்துகளாக விரியும். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். முகவரியில் தலைப்பு வரும் பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 எழுத்து, அதாவது 22 தமிழ்க் குறியீடுகள். 'காரைக்குடி கண்டாங்கிச் சேலை நெசவு' என்று தலைப்பு வைத்தால், 'சேலை' முடிவதற்குள் முகவரி அறுந்துவிடும். கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாக்கரில் எழுதியவர்களுக்கு வேறு அனுபவம்: தமிழ்த் தலைப்பை அது முழுதாக உதறிவிட்டு, எல்லாப் பதிவுக்கும் 'பிளாக் போஸ்ட்' என்று பெயரிட்டுப் பின்னால் ஓர் எண் ஒட்டும். தரவரிசையில் முகவரிச் சொற்களுக்கு இருக்கும் எடை மிகக் குறைவு என்பதால் இதற்காகக் கலங்க வேண்டியதில்லை. ஆனால் நீண்ட குறியீட்டு வரிசை பகிரும்போது உடைந்து, இணைப்பு செத்துவிடுகிறது. வெளியிடுமுன் முகவரியைக் கையால் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துச் சொற்களாகச் சுருக்கிவிடுவது நல்லது. வெளியிட்ட பிறகு மாற்றினால் பழைய முகவரியிலிருந்து புதியதுக்கு நிரந்தரத் திருப்பம் வைக்க வேண்டும்.

இனி மூன்றாவது நிலைமை: கூகுள் வந்தது, படித்தது, சேர்க்கவில்லை. சர்ச் கன்சோல் இதை 'படித்தோம், தற்போது இண்டெக்ஸ் செய்யவில்லை' என்ற பொருளில் காட்டும். 'கண்டுபிடித்தோம், இண்டெக்ஸ் செய்யவில்லை' என்று இன்னொன்றும் வரும், அது பக்கம் இன்னும் வரிசையில் நிற்கிறது என்பது. இரண்டாவதற்குக் காத்திருக்கலாம். முதலாவது ஒரு தீர்ப்பு: இந்தப் பக்கத்தில் இருப்பது ஏற்கெனவே எங்களிடம் இருக்கிறது, அல்லது வைத்துக்கொள்ளும் அளவுக்கு இதில் எதுவும் இல்லை.

தளத்தில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018இல் தமிழுக்கும் வந்தது. எழுதிப் பணம் பார்க்கலாம் என்று பலர் தமிழ்த் தளம் தொடங்கினார்கள், அது நல்ல விஷயம். ஆனால் ஒரே செய்தியை, ஒரே ராசிபலனை, ஒரே கை வைத்தியக் குறிப்பைச் சொல் மாற்றி ஆயிரம் இடத்தில் போடுவதும் சேர்ந்தே வளர்ந்தது. இப்போது இயந்திர மொழிபெயர்ப்பிலும் செயற்கை நுண்ணறிவிலும் ஒரே நாளில் நூறு பக்கம் தயாரிக்கிறார்கள். யாருக்கும் பயன்படாத பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்து ஏற்றுவதை, அது மனிதர் செய்தாலும் இயந்திரம் செய்தாலும், ஸ்பாம் என்றே கருதுவோம் என 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளில் எழுதிவிட்டது. புதிய தளம் ஒன்று இருநூறு மெலிந்த பக்கங்களோடு வருவதைவிட, பன்னிரண்டு கனமான பக்கங்களோடு வருவது நல்லது.

கனம் என்று எதைச் சொல்கிறேன்? காரைக்குடியில் கண்டாங்கி நெய்யும் குடும்பம் ஒன்று தளம் தொடங்குகிறது என்று வையுங்கள். 'பாரம்பரியம் மிக்க தரமான சேலைகள்' என்ற வரியை எல்லாச் சேலைக் கடையும் எழுதியிருக்கிறது. ஒரு சேலைக்கு எத்தனை நாள் தறியில் உட்கார வேண்டும், கட்டத்தை எப்படி எண்ணி விடுகிறார்கள், எந்தச் சாயம் முதல் அலசலில் கொஞ்சம் இறங்கும், விசைத்தறிச் சேலையிலிருந்து கைத்தறியை எப்படிப் பிரித்தறிவது - இவை அந்தக் குடும்பத்துக்கு மட்டும் தெரிந்தவை. பெரிய விற்பனைத் தளங்களால் இதை எழுதவே முடியாது. தினமும் தன்னிடம் வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதுவரை வராத புதுத் தேடல்கள் என்று கூகுள் சொல்லியிருக்கிறது. அந்த வகை நுணுக்கமான கேள்விகளில்தான் புதிய சிறு தளத்துக்கு இடம் கிடைக்கிறது. 'சேலை' என்ற ஒற்றைச் சொல்லுக்கு மேலே வர நினைப்பது வீண் வேலை.

மக்கள் எப்படித் தேடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தமிழர் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தே தேடுகிறார்கள். தமிழில் அடிப்பவர்களும் 'புடவை' என்பார்கள், 'சேலை' என்பார்கள், ஒற்றெழுத்தை விட்டுவிடுவார்கள், 'சேலையின் விலை' என்று வேற்றுமை உருபோடு அடிப்பார்கள். தேடுபொறி எப்போதும் இவற்றைச் சேர்த்துப் பார்த்துவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம். இயல்பாக எழுதும்போதே இரண்டு சொல்லும் வரட்டும், பெயரை ஆங்கில எழுத்தில் ஒருமுறை குறிப்பிடலாம். பக்கத்துக்குள் முக்கியச் சொற்களை ஒளித்து வைக்கும் 'மெட்டா கீவேர்ட்ஸ்' வரியை மட்டும் மறந்துவிடுங்கள். அதைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே சொல்லிவிட்டது. இன்னமும் அதற்குப் பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இணைப்புகளை விலைக்கு வாங்குவதும் அப்படித்தான், அதைவிட மோசம். 2012இல் பென்குயின் என்ற பெயரில் கூகுள் தரவரிசையில் செய்த மாற்றம் அப்படி உயர்ந்த தளங்களைக் குறிவைத்தே வந்தது. தமிழ் விக்கிப்பீடியாவில் போய் நம் தளத்தின் இணைப்பைச் செருகுவதாலும் தரவரிசையில் லாபமில்லை. விக்கிப்பீடியாவின் வெளி இணைப்புகளுக்கு, தரவரிசைக்கு இதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோஃபாலோ என்ற குறி 2007 முதல் இருக்கிறது. தன்னார்வத்தில் அதைக் காப்பவர்களுக்கு வீண் வேலை வைப்பதுதான் மிச்சம். உங்களுக்கு நூல் தருகிற கூட்டுறவுச் சங்கத்தின் தளம், உங்களைப் பற்றி எழுதிய உள்ளூர்ப் பத்திரிகையின் இணையப் பதிப்பு, படித்த கல்லூரி, கலந்துகொண்ட கண்காட்சி - இவர்களிடம் நேராகக் கேட்டு வாங்கும் நான்கைந்து இணைப்புகள் போதும்.

கடையோ சேவையோ நடத்துகிறவர்கள், தளத்துக்கு முன்பே கூகுள் வரைபடத்தில் தங்கள் இடத்தைப் பதிந்து சரிபார்த்துக்கொள்வது நல்லது. 'அருகில்' என்று தேடுகிறவருக்கு முதலில் தெரிவது வரைபடம்தான். அந்தப் பதிவில் தள முகவரியைக் கொடுக்கவும் இடம் இருக்கிறது.

காலம் எவ்வளவு ஆகும்? முகப்புப் பக்கம் சில நாளில் ஏறலாம், சில வாரமும் ஆகலாம், உறுதி கிடையாது. பழைய டொமைனை வாங்கியிருந்தால், முன்பு அதை வைத்திருந்தவர் ஏதாவது கைவரிசை காட்டித் தண்டனை வாங்கியிருக்கிறாரா என்று சர்ச் கன்சோலில் 'மேனுவல் ஆக்ஷன்ஸ்' பகுதியைப் பாருங்கள். ஏறிய பிறகு, எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்ற கணக்கு 16 மாதங்கள் வரை அங்கே கிடைக்கும். நாம் எழுதும்போது நினைத்தே பார்க்காத ஒரு கேள்விக்கு ஏதோ ஒரு பக்கம் இருபதாம் இடத்தில் காட்டப்பட்டிருக்கும். அந்தக் கேள்விக்கு முழுப் பதிலை எழுதி அதே பக்கத்தில் சேருங்கள்.